டெபுஸியும் ராவெலும் நாலு சாக்ஸஃபோனில் எடுபடுமா?

#1 பாரிட்டன்பாலன்

வணக்கம். பாரிஸுக்குப் பக்கத்தில இருந்து எழுதுறன். நாப்பது வயசு தாண்டினபிறகு சாக்ஸ் பழக வெளிக்கிட்டவன். அதுவும் பாரிட்டன். அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மெட்ரோவில ஏறினா சனம் முறைச்சுப் பாக்கும்.

எங்கட நகரசபை இசைப்பள்ளியில வேலைக்குப் போற ஆக்களுக்கெண்டு பின்னேர வகுப்பு இருக்கு. அங்க சந்திச்ச நாலு பேர் சேர்ந்து ஒரு குவார்ட்டெட் வச்சிருக்கிறம்: சொப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பாரிட்டன். மூண்டு வருசமா ஓடுது. ஜூன் 21 இங்க ஊர் முழுக்க இசைத் திருவிழா, தெருவுக்குத் தெரு வாசிப்பினம். இந்தமுறை எங்களுக்கும் ஒரு இடம் கிடைச்சிருக்கு. டெபுஸி வாசிப்பம் எண்டு முடிவெடுத்து, அந்தப் பிரெஞ்சு இசையமைப்பாளர் பியானோவுக்கு எழுதின 'கிளேர் த லூன்' (நிலவொளி), அதின்ர சாக்ஸ் பிரதி ஒண்டு வாங்கினம்.

நாலு கிழமையாச்சு, ஒட்டேல்ல. மூலம் ரே பெமோல், அதாவது உங்கட டி-ஃப்ளாட் மேஜர். (இங்க ஆரும் சி, டி எண்டு சொல்லுறதில்லை, தோ ரே மிதான். நான் ரெண்டையும் குழப்பினா மன்னியுங்கோ.) இந்தப் பிரதி எழுதினவர் அதை சி மேஜருக்கு இறக்கிப்போட்டார். லேசா இருக்கட்டும் எண்டு நினைச்சிருப்பார் போல. ஆனா சாக்ஸில தாளில எழுதிற சுரம் ஒண்டு, கேக்கிற சுரம் வேற, அதால ஆல்ட்டோவுக்கும் எனக்கும் அது மூண்டு ஷார்ப்பாத்தான் வந்து நிக்குது. எங்க லேசு?

அதைவிடப் பெரிய கரைச்சல் ரெண்டு. ஒண்டு, நாலு பேரும் நீட்டிப் பிடிச்சா பழைய ஆர்மோனியம் மாதிரிக் கேக்குது, நிலவும் இல்லை ஒளியும் இல்லை. மற்றது என்ர அடிச் சுரம். பியானிஸ்ஸிமோ எண்டு போட்டிருக்கிற இடத்தில எனக்கு லோ ஏ. அது மெதுவா வராது. லொறி ஹோர்ன் அடிச்ச மாதிரி வரும். போன கிழமை ஒரு சொக்ஸைச் சுருட்டி வாத்தியத்தின்ர வாய்க்குள்ள அடைஞ்சு பாத்தன். மற்ற மூண்டு பேரும் சிரிச்ச சிரிப்பில ஒத்திகையே நிண்டுபோச்சு.

எங்கட சொப்ரானோக்காரர் இதெல்லாம் விட்டிட்டு ராவெலின்ர ஸ்ட்ரிங் குவார்ட்டெட்டை (ரெண்டு வயலின், வயோலா, செல்லோவுக்கு எழுதினது) முழுசா எடுப்பம் எண்டு ஒற்றைக்காலில நிக்கிறார். என்ன செய்யலாம்? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

#2 கொட்டிவாக்கம்_கிட்டு

பாலன் அவர்களுக்கு. நான் வாசிப்பவன் இல்லை, கேட்பவன். கேட்பவன் என்ற உரிமையில் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன்: இதை ஏன் செய்ய வேண்டும்?

டெபுஸி பியானோவுக்கு எழுதினார், ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதினார். சாக்ஸஃபோன் அவரைத் தேடிக்கொண்டு வந்தபோது என்ன செய்தார் என்பது தெரிந்த கதைதான். பாஸ்டனில் எலீஸ் ஹால் என்று ஒரு வசதியான அம்மாள். காது மந்தமான பிறகு சாக்ஸ் பழக ஆரம்பித்தவர். தனக்கென்று ஒரு படைப்பு எழுதித் தரச் சொல்லிப் பணமும் கொடுத்தார். டெபுஸி வாங்கிக்கொண்டார், வருஷக்கணக்கில் இழுத்தடித்தார், 1903 வாக்கில் ஏதோ கொஞ்சம் எழுதினார், முழுசாக முடிக்காமலே 1918-ல் இறந்தும் போனார். ரோஜே-துக்காஸ் என்ற நண்பர் ஆர்கெஸ்ட்ரா பாகத்தை நிரப்பி 1919-ல் மேடையேற்றினார். அந்த வாத்தியத்தின் மேல் அவருக்கு இருந்த 'ஆசை' அவ்வளவுதான். அவர் பியானோவில் தீட்டியதை நாலு சாக்ஸஃபோனில் ஊதினால் வாட்டர் கலர் படத்துக்கு எனாமல் பெயின்ட் அடித்த மாதிரிதான் இருக்கும்.

#3 நாணல்

கிட்டு சார், கதை சரி, அதிலிருந்து நீங்கள் எடுக்கிற முடிவுதான் தப்பு. டெபுஸி சாக்ஸை வெறுத்தார் என்பதைவிட, அதைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது என்பதுதான் பொருத்தம். எப்படித் தெரிந்திருக்கும்?

அடால்ஃப் சாக்ஸ் பாரிஸில் காப்புரிமை வாங்கியது 1846. சாக்ஸ் நால்வருக்கென்று சேன்ஜெலே எழுதிய முதல் குவார்ட்டெட் 1857. அதே வருஷம் பாரிஸ் கொன்செர்வத்துவார் இசைக் கல்லூரியில் பட்டாளத்து இசைக்காரர்களுக்காக ஒரு சாக்ஸ் வகுப்பு தொடங்கினார்கள், சொல்லிக் கொடுத்தவர் சாக்ஸேதான். 1870-ல் போர் வந்ததும் மூடினார்கள். மறுபடி திறந்தது எப்போது? 1942-ல். நடுவில் 72 வருஷம்! டெபுஸி படித்ததும் எழுதியதும் செத்ததும் எல்லாம் அந்த இடைவெளிக்குள்ளேதான். நல்ல சாக்ஸ் குவார்ட்டெட் ஒன்றை அவர் காதால் கேட்டிருக்க வாய்ப்பே குறைவு.

1928-ல் மார்செல் ம்யூல் என்ற சாக்ஸ்காரர் கார்து ரெபுப்ளிக்கேன் என்ற பட்டாளத்து பேண்டிலிருந்து ஆட்களைச் சேர்த்து குவார்ட்டெட் தொடங்கினார். அதற்குப் பிறகுதான் பெரிய ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். 1932-ல் கிளாசுனோவ் அவர்களுக்காகவே ஒரு குவார்ட்டெட் எழுதினார். அடுத்த பத்து வருஷத்துக்குள் பியெர்னே, ஃப்ரான்சே, போஸா, ஃப்ளோரான் ஷ்மித் எல்லோரும் எழுதினார்கள். ராவெல் கொஞ்சம் முன்னாடியே காது வைத்திருந்தவர். 1922-ல் முசோர்க்ஸ்கியின் ஓவியக் காட்சிகளை ஆர்கெஸ்ட்ராவுக்கு மாற்றியபோது பழைய கோட்டைப் பாட்டை ஆல்ட்டோ சாக்ஸுக்குத்தான் கொடுத்தார். 1928-ல் வந்த பொலேரோவிலும் சாக்ஸ் உண்டு. டெபுஸி இன்னும் பத்து வருஷம் இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பார் என்று யாருக்குத் தெரியும்.

ஓவியர்களிடமிருந்து வந்த 'இம்ப்ரெஷனிஸம்' என்ற சொல்லே டெபுஸிக்குப் பிடிக்காது. அப்படிச் சொல்பவர்களை மடையர்கள் என்று தன் பதிப்பாளருக்கு எழுதியவர். அதனால் வாட்டர் கலர் உவமையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் சார் :)

பாலன் அண்ணா, இப்போது உங்கள் விஷயம்.

ஆர்மோனியம் மாதிரி கேட்கிறது என்றீர்களே, அதுதான் மொத்தப் பிரச்சினையும். பியானோவில் ஒரு கார்டை (பல சுரம் ஒன்றாக) அடித்து பெடலை மிதித்தால், அடித்த நொடியிலிருந்தே அது தேய ஆரம்பித்துவிடும். டெபுஸி அந்தத் தேய்மானத்தை மனதில் வைத்து எழுதுகிறவர். ஒரு கார்டு தேய்ந்து பாதி போன நிலையில் அடுத்தது அதன் மேல் வந்து உட்காரும். சாக்ஸில் ஊதுகிற வரைக்கும் சுரம் அப்படியே கல்லாக நிற்கும். பியானோ பிரதியில் இருக்கிற நீளத்தை அப்படியே காப்பி பண்ணி நாலு பேருக்குப் பிரித்துக் கொடுத்தால் ஆர்மோனியம்தான் வரும். உங்கள் பிரதி எழுதியவர் அதைத்தான் செய்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

நல்ல அரேஞ்ச்மென்ட் என்றால் அந்தத் தேய்மானத்தையும் சேர்த்து எழுதியிருக்கணும். எந்தக் குரல் எப்போது விடுகிறது என்பதுதான் அங்கே வேலை. நால்வரும் ஒரே நேரத்தில் விட்டால் கரண்ட் போன மாதிரி இருக்கும். டெனர் முதலில் விடட்டும், அடுத்து ஆல்ட்டோ, மேலே சொப்ரானோ நூலாகிக்கொண்டே போகட்டும், பாஸ் கடைசியில். உங்கள் பிரதியில் பென்சிலால் இதை நீங்களே குறித்துப் பாருங்கள். அடுத்த ஒத்திகையிலேயே பாதி வித்தியாசம் தெரியும்.

இன்னொன்று, வைப்ரேட்டோவை, அதாவது சுரத்தை நடுக்குவதை, குறையுங்கள். சாக்ஸுக்குள் அதைக் கொண்டுவந்ததே ம்யூல்தான், பிரெஞ்சு ஸ்கூலில் அது ரத்தத்தில் ஊறியது. மெலடிக்கு அழகு. ஆனால் நாலு பேரும் நாலு வேகத்தில் ஆட்டினால் கார்டு குட்டையைக் கலக்கிய மாதிரி ஆகிவிடும்.

சுருதி பற்றி அப்புறம் தனியாக எழுதுகிறேன், பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வரணும்.

#4 சிங்கை_ஆல்ட்டோ

சொக்ஸ்!!! எங்க ஸ்கூல் பேண்டுல பாரிட்டன் வாசிச்ச பையன் டவலே வச்சிருக்கான். அடி ஏ, அடி பி-ஃப்ளாட் எல்லாம் அப்புறம் வரவே வராது அண்ணே. அந்தச் சுரங்களுக்குக் காத்து வாய் வழியாத்தான் போகுது. அங்க அடைச்சா என்ன ஆகும்? சுருதியும் இறங்கும், கரகரன்னும் வரும்.

பிரதியை மாத்துறதுதான் வழி.

#5 மோகனக்கிளி

நான் வீணை. மேற்கத்திய இசை கேள்வி ஞானம் மட்டும். தப்பாகக் கேட்டால் திட்டாதீர்கள்.

ஒன்று, கத்ரி கோபால்நாத் வாசித்தாரே, அதே ஆல்ட்டோதானா இது? அதில் அவ்வளவு கமகம் பேசியதே, இங்கே ஏன் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை?

இரண்டாவது, டெபுஸியின் ஒரு சின்ன பியானோ பாட்டு எனக்கு ரொம்பப் பிடிக்கும். 'லா ஃபீ ஓ ஷெவூ த லான்', ஆளிநார் நிறக் கூந்தல்காரி. ஆரம்பத்தில் துணையே இல்லாமல் ஒற்றை வரியாக வருமே, அதை வீணையில் வாசித்துப் பார்த்தேன். ப க ச த ச க ப என்று போகிறது, தைவதம் மட்டும் கீழ் ஸ்தாயி. மோகனம் போலவே இருக்கிறது. இதை நாலு சாக்ஸில் வாசிக்க முடியாதா? ஒற்றை வரி என்றால் ஆர்மோனியப் பிரச்சினையும் வராதே?

#6 நாணல்

கிளி, திட்டுவதா? நான் சொல்ல வந்த பாட்டையே சொல்லிவிட்டீர்கள்.

ஆமாம், அதே ஆல்ட்டோதான். கமகம் இங்கே தேவைப்படாது. நாலு பேர் சேர்ந்து ஒரு கார்டு பிடிக்கும்போது ஒருவர் அசைத்தாலும் கூடு கலைந்துவிடும். நம்ம ஊரில் ஒரு சுரத்துக்குள் நடப்பதை இவர்கள் ஒரு கார்டிலிருந்து அடுத்த கார்டுக்குப் போகிற வழியில் நடத்துகிறார்கள், அவ்வளவுதான் வேறுபாடு.

மோகனம் என்றால் சாயல் மட்டும். ரிஷபம் அந்த முதல் வரியில் வரவில்லை. அதோடு, இரண்டு அளவு, அதாவது இரண்டு பார், தாண்டி மற்ற குரல்கள் கீழே வந்து சேரும்போதுதான் உங்கள் ஷட்ஜம் எது என்றே உறுதியாகும். அதுவரை தைவதம்தான் ஆதாரமோ என்று ஒரு சந்தேகம் இருக்கும். டெபுஸி அதைத் தெரிந்தேதான் செய்கிறார். முழுக்க ஒரே ராகமாகக் கேட்க வேண்டுமென்றால் அதே தொகுப்பில் 'வுவால்' கேளுங்கள். 1910-ல் வந்த முதல் ப்ரெலூட் புத்தகத்தில் இரண்டாவது. நடுவில் சில அளவுகள் தவிர ச ரி2 க3 ம2 த1 நி2 மட்டும்தான், நம்ம கோப்ரியா ராகம். ஷட்ஜ பஞ்சம உறவே இல்லாததால் எங்கேயும் இறங்கி நிற்காது, மிதந்துகொண்டே இருக்கும். கீழே ஒரு பி-ஃப்ளாட் மட்டும் விடாமல் தட்டிக்கொண்டிருக்கும். அந்த அடி பி-ஃப்ளாட் பாரிட்டனுக்கு எட்டாது, ஒரு ஸ்தாயி ஏற்றியாகணும்.

கூந்தல்காரி ஏன் பாலன் அண்ணாவுக்குச் சரியாக வரும் என்று சொல்கிறேன். அது ஜி-ஃப்ளாட் மேஜர். பியானோக்காரர்களுக்கு ஆறு ஃப்ளாட். சாக்ஸுக்கோ சொப்ரானோவும் டெனரும் ஏ-ஃப்ளாட், ஆல்ட்டோவும் பாரிட்டனும் ஈ-ஃப்ளாட், மூன்று நாலு ஃப்ளாட்டோடு முடிந்தது. டெபுஸிக்குப் பிடித்த இந்தக் கறுப்புக் கட்டை சுருதிகள் எல்லாம் சாக்ஸுக்கு வாகானவை. கிளேர் த லூனை டி-ஃப்ளாட்டிலேயே விட்டிருந்தால் ஆல்ட்டோவுக்கு இரண்டு ஃப்ளாட்தான் வந்திருக்கும். சி-க்கு இறக்கியவர் பியானோ முன்னால் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்.

அண்ணாவின் லொறி ஹார்னுக்கும் அதுதான் காரணம். டி-ஃப்ளாட்டில் பாஸ் விழுகிற இடம் பாரிட்டனில் எழுதின அடி பி-ஃப்ளாட். அதுவே சிரமம். சி-க்கு இறக்கியதில் அது லோ ஏ ஆகிவிட்டது, வாத்தியத்திலேயே கடைசிச் சுரம். மெதுவாக வாசிக்க அதைவிட மோசமான இடம் கிடையாது. ஒரு ஸ்தாயி மேலே கொடுத்தால் பஞ்சு மாதிரி வந்திருக்கும். கூந்தல்காரியில் ஜி-ஃப்ளாட் பாஸ் உங்களுக்கு எழுதின ஈ-ஃப்ளாட்டில் விழும். அடியில் என்றாலும் அது பேசும்.

மொத்தமே 39 அளவுதான், கையால் எழுதினால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

#7 கொட்டிவாக்கம்_கிட்டு

72 வருஷ விஷயம் எனக்குத் தெரியாது. வாபஸ் வாங்குகிறேன், பாதி.

மீதிப் பாதி இது. பியானோவிலிருந்து மாற்றுவதை விட, ஏற்கனவே நாலு குரலுக்கு எழுதினதை எடுப்பது நியாயம் இல்லையா? டெபுஸியின் ஸ்ட்ரிங் குவார்ட்டெட் 1893-ல் இஸாயி குழு வாசித்தது, ராவெலுடையது 1904-ல். இரண்டிலும் நாலே வரி. எதையும் வெட்ட வேண்டாம், ஒட்ட வேண்டாம். பாலனின் நண்பர் சொல்வதில் பொருள் இருக்கிறது என்றே படுகிறது. குறிப்பாக டெபுஸியின் மூன்றாம் பகுதி. வில் வாத்தியங்களுக்கு ம்யூட் (ஒலியடக்கி) போட்டு, டி-ஃப்ளாட்டில், நடுவே வயோலா தனியாகப் பாடும். அந்த இடத்தை டெனர் சாக்ஸில் கற்பனை செய்து பார்த்தேன். எனாமல் பெயின்ட் என்று சொன்னவனே சொல்கிறேன், நன்றாக இருக்கும் போலிருக்கிறது.

#8 நாணல்

கிட்டு சார், இதைப் படித்துவிட்டு எழுந்து நின்று கைதட்டினேன்.

வீச்சு ஏறக்குறைய பொருந்தும். செல்லோவின் அடி சி, லோ ஏ சாவி உள்ள பாரிட்டனின் அடிச் சுரமும் அதே சி. வயோலாவுக்கு டெனர் தாராளம். இரண்டாம் வயலினுக்கு ஆல்ட்டோ தாராளம். இடிப்பது முதல் வயலின்: அதன் அடி ஜி, சொப்ரானோ சாக்ஸ் ஏ-ஃப்ளாட்டோடு நின்றுவிடும், அரைச் சுரம் குறைகிறது. மேலேயோ வயலின் ஏறுகிற உயரத்துக்கு சொப்ரானோ ஏறினால் ஸ்டேஷனில் விசில் ஊதின மாதிரி இருக்கும். ஆக அங்கங்கே வெட்டி ஒட்டத்தான் வேண்டும்.

அதுகூடச் சமாளிக்கலாம். வில்லை மூச்சாக மாற்றுவதுதான் பெரிய பாடு. வயலின்காரர் வில்லைத் திருப்பினால் காதுக்குத் தெரியாது, பத்து நிமிஷம்கூட விடாமல் இழுக்கலாம். சாக்ஸ்காரருக்கு மூச்சு வேண்டும். அதோடு இரண்டிலும் இரண்டாம் பகுதி பிட்ஸிக்காட்டோ, கம்பியை விரலால் சுண்டுவது. ராவெல் ஆரம்பமே அதுதான், நாலு பேரும் சுண்டுவார்கள், மூன்று தட்டும் இரண்டு தட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடும். சாக்ஸில் அதற்கு ஸ்லாப் டங், நாக்கை ரீடில் ஒட்டி இழுத்து விட்டால் 'டப்' என்று ஒரு சத்தம். ஒருவருக்கு வந்தால் போதாது, நாலு பேருக்கும் ஒரே மாதிரி வரணும். ராவெலின் கடைசிப் பகுதி ஐந்தெட்டில் பறக்கும். கண்ட நடைக் கணக்கு தெரிந்தால் மட்டும் போதாது, விரல் ஓடணும்.

தொழில்முறை நால்வர்கள் இதையெல்லாம் வாசிக்கிறார்கள். வகுப்புக்கு வேலை முடிந்து வருகிறவர்கள், ஜூனுக்குள், முழு ராவெல்? வேண்டாம் அண்ணா. சொப்ரானோக்காரர் என்னைத் திட்டட்டும்.

டெபுஸியின் மூன்றாம் பகுதி மட்டும் என்றால் யோசிக்கலாம். ம்யூட்டுக்குப் பதில் சப்டோன். தாடையைத் தளர்த்தி, காற்று அதிகம் ஒலி குறைவு என்று ஊதுவது. டெனருக்கு அது அழகாக வரும்.

சுருதி பற்றிச் சொல்கிறேன் என்றேனே. கிளி, உங்களுக்குச் சுலபமாகப் புரியும். தம்புராவில் யாரும் மீட்டாமலே ஒரு காந்தாரம் கேட்கும் இல்லையா? அது பியானோ காந்தாரத்தைவிட சுமார் 14 சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) கீழே. சாக்ஸ் நால்வர் ஒரு மேஜர் கார்டு பிடிக்கும்போது காந்தாரம் வைத்திருப்பவர் அங்கே இறக்கினால் கார்டு பூட்டிக்கொள்ளும், யாரும் ஊதாத ஐந்தாவது சுரம் ஒன்று கீழே உறுமும். டியூனர் மெஷினில் பச்சை விளக்கு எரிய எரிய வாசித்தால் அது வரவே வராது. டெபுஸி கார்டுகளை அப்படியே நகர்த்திக்கொண்டு போகும்போது காந்தாரம் யார் கையில் என்பது மாறாது. ஒருவரே கடைசி வரை இறக்கிப் பிடிக்கலாம். சாக்ஸுக்கு இதெல்லாம் பெரிய வசதி.

#9 சிங்கை_ஆல்ட்டோ

அப்ப மூழ்கின தேவாலயம்? 'லா கத்தீட்ரால் ஆங்லூத்தி'. முழுக்க கார்டு நகர்த்துறதுதான். சி மேஜர், அடியில சி மணி மாதிரி அடிக்கும். பாலன் அண்ணேவோட லோ ஏ-க்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்குமே! அங்க மெதுவா எல்லாம் வேண்டாம், முழு சத்தம்தான். லொறி ஹார்ன் தாராளமா அடிக்கலாம் 😄

#10 நாணல்

ஆசை எனக்கும் உண்டு. ஒருமுறை உட்கார்ந்து முயற்சி பண்ணி மூன்றாவது பக்கத்தில் பேப்பரைக் கசக்கிப் போட்டேன்.

அங்கே இரண்டு கையும் சேர்ந்து ஆறு ஏழு சுரம் பிடிக்கும், நம்மிடம் இருப்பது நாலு. எதை விடுவது? ஹார்மனி பாடத்தில் 'பஞ்சமத்தை விடு, யாருக்கும் தெரியாது' என்று சொல்லித் தருவார்கள். மற்ற இடத்தில் சரி. இந்தப் பாட்டில் அந்தத் திறந்த பஞ்சமம்தான் கல்கோபுரமே. அதை விட்டால் வெறும் சினிமா பேக்ரவுண்ட் மாதிரி ஆகிவிடுகிறது. காந்தாரத்தை விட்டுப் பார்த்தேன், பஜனை மடம் மாதிரி ஆனது. அடி சி-யை முழுச் சத்தத்தில் ஊதினால் பாரிட்டன்காரருக்குச் சில விநாடியில் மூச்சு தீரும். மணிக்கு அப்படி ஒரு கவலை இல்லை. எட்டு பேர், பத்து பேர் சாக்ஸ் குழு என்றால் பிரமாதமாக வரும். நாலு பேருக்கு இல்லை.

#11 அரைச்சுரம்

இழை நன்றாகப் போகிறது, ஒரே ஒரு எச்சரிக்கை. டெபுஸி, ராவெல் இரண்டு பேரின் மூலப் படைப்புகளுக்கும் பிரான்ஸில் இப்போது பதிப்புரிமை கிடையாது. போர்க்கால நீட்டிப்பு எல்லாம் முடிந்து பொலேரோவும் 2016 மே 1-ல் பொதுவுக்கு வந்துவிட்டது. ஆகவே நீங்களே எழுதலாம். ஆனால் வேறொருவர் சமீபத்தில் எழுதி விற்கிற அரேஞ்ச்மென்ட்டுக்கு அவருக்கு உரிமை உண்டு, அதை ஸ்கேன் பண்ணி இங்கே போட்டால் தூக்கிவிடுவேன். போன மாதம் ஒருவர் போட்டார்.

#12 பாரிட்டன்பாலன்

எல்லாருக்கும் பெரிய நன்றி. நேற்று ஒத்திகை. நடந்ததைச் சொல்லுறன்.

கூந்தல்காரியை எங்கட டெனர்காரர் எழுதிக்கொண்டு வந்தார். அவர் பகல் நேரத்தில கட்டடப் படம் கீறுற வேலை, அதால எழுத்து அச்சடிச்ச மாதிரி. முதல் சண்டை, அந்தத் துவக்க வரி ஆருக்கு? சொப்ரானோக்காரர் தனக்குத்தான் எண்டார், மேல் குரல் எண்டால் சொப்ரானோதானே எண்டு. வாசிச்சார். பிழையில்லை, ஆனா அந்த முதல் நீண்ட சுரம் அவருக்கு நடு ஈ-ஃப்ளாட். எல்லா விரலும் மூடி, மேலால ஒக்டேவ் சாவி. கொஞ்சம் அடைச்ச மாதிரி, கொஞ்சம் சுருதி ஏறி. அடுத்தது சி, அதுக்கு ஒரே ஒரு விரல். ஏழெட்டுக் கதவு மூடியிருந்த வீடு ஒரேயடியாத் திறந்த மாதிரி, ரெண்டாவது சுரமே வேற ஆள் வாசிக்கிற மாதிரிக் கேட்டுது.

பிறகு ஆல்ட்டோ வாசிச்சா. அவவுக்கு அந்த முதல் சுரம் மேல் பி-ஃப்ளாட். அந்த வாத்தியத்தில நல்லாப் பாடுற இடம். அதே ஈ-ஃப்ளாட்-சி தாண்டல் அவவுக்கும் வருகுதுதான், ஆனா வரியின்ர நடுவில, கீழ இறங்கேக்க, கிளி சொன்ன அந்த ச-வில இருந்து த-வுக்கு. அங்க ஒலி தானாத் திறக்கிறது வடிவா இருக்கு. மூண்டு தரம் கேட்டிட்டு சொப்ரானோக்காரரே "சரி, உனக்குத்தான்" எண்டிட்டார். அவர் இப்ப ஆல்ட்டோவுக்குக் கீழ உள்குரல் பிடிக்கிறார். முகம் கொஞ்சம் கோணல்.

மூண்டாவது அளவில நாங்கள் எல்லாரும் வந்து சேருற இடம். எனக்கு எழுதின ஈ-ஃப்ளாட். சொக்ஸ் இல்லாமல் வாசிச்சன். வந்துது! மெதுவா வந்துது. நாணல் தங்கச்சி சொன்ன மாதிரி டெனர் முதல் விட, ஆல்ட்டோ மெலிய, நான் கடைசியா விட்டன். ஆரும் ஒண்டும் கதைக்கேல்ல. பக்கத்து அறையில சின்னப் பிள்ளையள் ரெக்கோடர் கீச்சிடுறது அப்பதான் கேட்டுது.

காந்தாரத்தை இறக்கிறது இன்னும் பிடிபடேல்ல. டெனர்காரர் டியூனரைப் பாத்துப் பாத்து வாசிக்கிறார், அதைப் பறிச்சு என்ர பெட்டிக்குள்ள வச்சிட்டன்.

கிளேர் த லூன் பிரதியை ஒருவருக்கும் விக்க மனமில்லை, அலுமாரியில போட்டாச்சு. சொப்ரானோக்காரர் ராவெலை விட்டபாடில்லை. அடுத்த கிழமை அந்த ரெண்டாம் பகுதியின்ர முதல் பக்கத்தை மட்டும் கொண்டு வாறாராம், "சும்மா பாப்பம்" எண்டு. நாணல், அந்த 'டப்' எப்பிடிப் பழகுறது?

#13 மோகனக்கிளி

ச-வில இருந்து த-வுக்கு! இதை என் டீச்சரிடம் சொல்லியே ஆகணும்.

#14 கொட்டிவாக்கம்_கிட்டு

பாலன், ஜூன் 21 வாசிப்பைப் பதிவு செய்து இங்கே போடுங்கள். தெருச் சத்தம் இருந்தாலும் பரவாயில்லை. நன்றாக இல்லையென்றால் நன்றாக இல்லை என்றுதான் சொல்வேன்.

#15 நாணல்

அண்ணா, முதலில் வாத்தியத்தைத் தொடாதீர்கள். மௌத்பீஸும் ரீடும் மட்டும். தூக்கிப் போடப்போகிற பழைய ரீட் எடுத்துக்கொள்ளுங்கள், புதுசு வீணாகும். நாக்கு நுனியால் தொடாமல், நாக்கின் முன்பாதியை ரீடின் மேல் தட்டையாக ஒட்டி, லேசாக உறிஞ்சிப் பிடித்து, சட்டென்று கீழே இழுங்கள். ஊதவே வேண்டாம். பாட்டில் மூடி திறக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தால் சரியான வழியில் இருக்கிறீர்கள். பாரிட்டன் ரீட் அகலம் என்பதால் நாலு பேரில் உங்களுக்குத்தான் முதலில் வரும். சொப்ரானோக்காரருக்குக் கடைசியில்.

அவரிடம் இப்போதே சொல்லிவிடாதீர்கள்.

#16 பாரிட்டன்பாலன்

சொல்லேல்ல :)